கேட்டில் யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை

எங்கள் பட்டாசுக் கம்பெனி கேட்டில் தினமும் காலை ஐந்தேமுக்காலுக்கு என் மடியைத் தடவுவார்கள். பீடி, தீப்பெட்டி, செல்போன், சாவிக்கொத்து எதுவும் உள்ளே போகக் கூடாது. வாட்ச்மேன் இடுப்பைத் தடவி, சட்டைப் பையைத் தட்டி, வேட்டி மடிப்பை உதறச் சொல்லி, செருப்பைக் கழற்றச் சொல்லித்தான் அனுப்புவார். இதற்கெல்லாம் எங்கள் பக்கம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பல் விளக்குவதுபோல இதுவும் ஒரு காலைக்கடன். ஆனால் வாயை முகர்ந்து பார்க்கிற வழக்கம் மட்டும் கிடையாது. இரண்டு வருடம் நான் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே போய் வந்தேன்.

என் வேலை மருந்து கலப்பது. மருந்து என்றால் ஆஸ்பத்திரி மருந்தில்லை, பட்டாசுக்குள் போகிற வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும். கம்பெனியின் கடைக்கோடியில், மற்ற அறைகளிலிருந்து தள்ளி, நாலு பக்கமும் வாசல் வைத்த சின்ன அறை அது. உள்ளே இரண்டு பேர்தான் இருக்கலாம். வெயில் ஏறுவதற்குள் சலித்துக் கலந்து முடித்துவிட வேண்டும். வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் ஒட்டியிருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக அதில் கையை வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போவோம். உள்ளே போனபிறகு எதையும் இழுக்கக் கூடாது, தட்டக் கூடாது, முக்கியமாக எதையும் கீழே போடக் கூடாது.

மருந்து அறைக்கு ஜோடி சேர்ப்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரனோடுதான் உட்காருவார்கள். அண்ணன் தம்பி, மாமன் மருமகன், மச்சான் மாப்பிள்ளை என்று. வெளியாள் அசட்டையாக இருந்துவிடலாம், சொந்தக்காரன் நம் பெண்டு பிள்ளைகளை நினைத்துக் கவனமாக இருப்பான் என்பது நினைப்பு. அந்த நினைப்பு தப்பினால் ஒரே வீட்டில் ஒரே நாளில் இரண்டு பேர் போய்விடுவார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. என் ஜோடி என் மனைவியின் தம்பி. தீப்பெட்டி ஆபீசில் கிடந்தவனை நான்தான் வற்புறுத்தி இங்கே கொண்டுவந்தேன். "எங்கூட இருந்தா உன் தம்பிக்கு ஒண்ணும் ஆகாது" என்று என் மனைவியிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவன் நான்.

குடி எப்போது ஆரம்பித்தது, ஏன் ஆரம்பித்தது என்று கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். எல்லாரும் ஆரம்பித்த மாதிரிதான் நானும் ஆரம்பித்தேன், எல்லாரும் நிறுத்திய இடத்தில் நிறுத்தவில்லை, அவ்வளவுதான். கடைசி இரண்டு வருடத்தில் அது காலைக்கு வந்துவிட்டது. முந்தின நாள் மிச்சம் வைத்ததை விடியுமுன் கண்மாய்க் கரையில் நின்று இரண்டு மடக்கில் முடிப்பேன். பிறகு கொய்யா இலையை மென்று துப்புவேன். ஆசைக்காகக் குடித்தேன் என்று நினைக்கக் கூடாது. குடிக்காமல் போனால் கை நடுங்கியது. குடித்துவிட்டுப் போனால் கை நின்றது, தலை நிற்கவில்லை. மருந்து அறைக்குள் இரண்டில் எது மோசம் என்று நான் தினமும் காலையில் யோசித்து, தினமும் குடிக்கிற பக்கமே முடிவெடுத்தேன்.

தீபாவளி ஆர்டர் நெருக்குகிற ஆவணி மாதத்தில் ஒருநாள் அந்த மிச்சம் இல்லாமல் போனது. என் மனைவி பாட்டிலைக் கண்டுபிடித்துக் கீழே ஊற்றியிருந்தாள். அவள் கவலை என் ஈரலைப் பற்றியது. காலையில் குடிக்கிறேன் என்பதோ, வேலைக்குக் குடித்துவிட்டுப் போகிறேன் என்பதோ அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு வெறும் வயிற்றோடும் வெறும் கையோடும் மருந்து அறைக்குள் போனேன். சல்லடையை எடுத்தேன். பாதி சலித்திருக்கும்போது வலது கை என் கையாக இல்லாமல் போனது. சல்லடை நழுவி ரப்பர் விரிப்பின்மேல் விளிம்பு குத்தி விழுந்தது.

எங்களுக்குக் கத்தத் தெரியாது. ஓடத்தான் தெரியும். மச்சினன் ஒரு வாசல் வழியாகவும் நான் ஒரு வாசல் வழியாகவும் ஓடி, சீமைக்கருவேல மரத்தடியில் போய் விழுந்தோம். காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மைனா அந்த அறைக் கூரையில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. என் வேட்டி நனைந்திருந்தது. மச்சினன் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நாங்கள் ஓடியதைப் பார்த்து போர்மேன் வந்தார். "எவம்லே போட்டது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சினன், "நாந்தான் சார், கை வேர்த்துருச்சு" என்றான். ஒரு வாரம் அவனை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போகும்போது அவன் என்னிடம், "ஒங்களுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு மச்சான், எனக்கு ஒண்ணுதான்" என்று சிரித்தான். என் கை ஏன் நழுவியது என்று கேட்கவில்லை. சல்லடை கனம் என்று அவனாகவே முடிவுசெய்துகொண்டான். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் நேரே கடைக்குப் போனேன். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அந்த வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. சத்தம் கேட்டதாக நினைத்து எழுந்து உட்காருவேன். மச்சினன் திரும்பி வேலைக்கு வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா என் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். ஒரேயடியாக வீட்டிலேயே நிறுத்தினால் வலிப்பு வரும், மாத்திரை தருகிறேன், பத்து நாள் இங்கே வந்து காட்டிக்கொண்டே வேலைக்குப் போகாமல் இரு என்றார். என்ன வேலை என்று கேட்டார். பிரஸ்ஸில் பேப்பர் அடுக்குகிறேன் என்றேன். சிவகாசியில் பாதிப் பேர் பட்டாசு என்றால் மீதிப் பேர் பிரஸ், அதனால் அந்தப் பொய் உடனே வாயில் வந்தது. கடைசியில் அவர் சீட்டின் பின்பக்கத்தில் மூன்று இடங்களை எழுதிக் கொடுத்தார். குடியை விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுகிற இடங்கள். "மாத்திரை கையைத்தான் நிறுத்தும். எதுல மனசு ஒட்டுதோ அந்தக் கூட்டத்தை நீங்களே பாத்துக் கண்டுபிடிங்க" என்றார்.

கம்பெனியில் மஞ்சள் காமாலை என்று லீவு சொன்னேன். அது பெரிய தப்பு. பத்து நாளும் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு கட்டு கீழாநெல்லி கொண்டுவந்து, அரைத்து, மோரில் கலக்கி, நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு குடிகாரன் வாழ்க்கையில் குடித்ததிலேயே கசப்பான சரக்கு அதுதான்.

முதல் கூட்டம் சிவகாசியிலேயே, ஆனைக்குட்டம் போகிற பக்கத்தில், ஒரு பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில். பத்து மணிக்கு என்று எழுதியிருந்தது. ஒன்பதரைக்கே எதிர்த்த டீக்கடையில் நின்றுகொண்டேன். யார் யார் படியேறுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று எண்ணம். இரண்டு பேர் ஏறினார்கள், தெரியாத முகம். மூன்றாவதாக ஒரு மொபெட் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் எங்கள் கம்பெனி வாட்ச்மேன்.

டீ கிளாசை வைத்தேனா கீழே போட்டேனா என்று தெரியாது. பஸ் ஸ்டாண்டு வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள், என் மடியைத் தினமும் தடவுகிற ஆளே வழியில் நின்றால் என்ன செய்வது? அவர் அங்கே எதற்கு வந்தார் என்று நான் யோசிக்கவே இல்லை. என்னைப் பிடிப்பதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று வீடு வந்து சேரும்வரை நம்பினேன். திருடனுக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் போலீஸ்தான்.

அந்த ஊர்க் கூட்டம் இனி ஆகாது என்று முடிவு செய்துகொண்டேன். பேர் சொல்ல வேண்டாம் என்பது அந்தக் கூட்டங்களின் விதி என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். விதி சரிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் பேரைக் கொண்டு அடையாளம் பிடிப்பதில்லை. எந்தக் கம்பெனி, எந்த ரூம், யாருக்கு மச்சான் என்று மூன்று கேள்வி கேட்டால் ஆளின் ஜாதகமே வந்துவிடும்.

அடுத்த ஞாயிறு விருதுநகர் போனேன். ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை. சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் பெரிய ஆட்கள் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் முந்தின வெள்ளிக்கிழமையின் கழித்தல் கணக்கு அழிக்காமல் கிடந்தது. எல்லாரும் அழகாகப் பேசினார்கள். மன உளைச்சல், சுயமரியாதை, சரணாகதி என்று. ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர்கள் நன்றி என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சு வராது என்று பட்டது. ஆனாலும் நல்ல மனிதர்கள், வடை கொடுத்தார்கள், உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர் பேச்சுக் கொடுத்தார். சூலக்கரையில் ஆபீஸ் என்றார். சூலக்கரை என்றால் கலெக்டர் ஆபீஸ். எந்தப் பிரிவு என்று நான் கேட்கவில்லை, கேட்கப் பயம். எங்கள் கம்பெனிக்கு லைசென்சைப் பார்க்க வருகிற ஜீப்பெல்லாம் அந்தப் பக்கமிருந்துதான் வரும். மருந்து கலக்கிறவன் ஒருவன் குடித்துவிட்டு உள்ளே போகிறான் என்று இந்த மனிதர் யாரிடமாவது வாய்தவறிச் சொன்னால், நாளைக்கே கேட்டில் சீல் வைப்பார்கள், தீபாவளிக்கு முன்னால் இருநூறு குடும்பம் தெருவில் நிற்கும், அதில் முக்கால்வாசி என் தெரு. அவர் பாவம், வேறேதோ ஆபீசில் கிளார்க்காகக்கூட இருந்திருக்கலாம். "நீங்க?" என்று கேட்டார். "பிரஸ்" என்றேன். அவர் என் நகக்கண்ணைப் பார்த்தார். அலுமினியப் பொடி பத்து நாள் லீவிலும் போகாது, நகத்தோரம் வெள்ளியாக மின்னும். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். நான் திரும்ப அங்கே போகவில்லை.

லீவு முடிந்து மச்சினனோடு மறுபடி மருந்து அறைக்குள் போனேன். மாத்திரையில் கை நின்றது. சரியாகிவிட்டேன் என்று நினைத்த மூன்றாம் நாள் சாயங்காலம் கொஞ்சமாகக் குடித்தேன். அடுத்த வாரம் காலையிலும் குடித்தேன். மாத்திரை போட்டுக்கொண்டு குடிக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் மாத்திரையை நிறுத்தினேன். என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது.

மிச்சமிருந்தது காரியாபட்டி. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும், மதுரைப் பக்கம், எங்கள் ஆட்கள் யாரும் கிடையாது. அதுதான் வேண்டும் எனக்கு. பருத்திக் கமிஷன் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. வந்தவர்கள் எல்லாம் வெள்ளாமைக்காரர்கள், சொந்தக் காடு உள்ளவர்கள். இப்படிப்பட்டவர்களின் காட்டில்தான் என் அப்பா கூலிக்குக் களையெடுத்தார். அதனால் வாசலில் கொஞ்சம் தயங்கினேன். ஒரு பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிப் போட்டு, "ஒக்காருங்க, சாப்பிட்டீகளா?" என்றார். உட்கார்ந்தேன். மூன்று ஞாயிறு போனேன். பிரஸ்ஸில் வேலை, சாயங்காலம் மட்டும் குடிப்பேன், மனைவி அழுகிறாள் என்று பேசினேன். அழகாகவே பேசினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். திங்கட்கிழமை கண்மாய்க் கரைக்குப் போனேன். ஞாயிறு பேசியவன் ஒருத்தன், திங்கள் குடித்தவன் இன்னொருத்தன். இருவருக்கும் பழக்கமே இல்லை.

மூன்றாவது ஞாயிறு ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் சத்தம் கேட்டது. ஒரே ஒரு சத்தம், தரை வழியாக வந்தது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் செய்கிற காரியம் ஒன்று உண்டு. சோறு தின்கிறவன் கையைக் கழுவாமல் எழுந்திருப்பான், தலைபின்னுகிறவள் பாதிப் பின்னலோடு வெளியே வருவாள், எல்லாரும் வானத்தில் எந்தப் பக்கம் புகை என்று தேடுவார்கள், பிறகு செல்போனை எடுப்பார்கள். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கொட்டகை வாசலுக்கு ஓடியிருந்தேன். வடக்கே பார்த்தேன், தெற்கே பார்த்தேன். கை மச்சினன் நம்பரைத் தேடியது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கிடையாது என்பதே மறந்துவிட்டது. எடுத்தவனிடம், "மாப்ள, எங்கன இருக்க?" என்றேன். "வீட்லதான் மச்சான், என்ன?" என்றான். வைத்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் கொட்டகைக்குள் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் மட்டும் நிறுத்தியிருந்தார். "கல்குவாரியில பாறைக்கு வேட்டு வச்சிருக்காக, அது தெனமும் உள்ளதுதான்" என்றார் யாரோ.

கூட்டம் முடிந்ததும் நாற்காலி போட்ட பெரியவர் என்னோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தார். பஸ் வருகிற நேரத்தில், "நீக பிரஸ்காரர் இல்ல" என்றார். நான் வருகிற பஸ்ஸின் போர்டைப் படிக்கிற மாதிரி நின்றேன், அவரே தொடர்ந்தார்.

"இங்கன எம்புட்டு நாளு வந்தாலும் நாங்க ஒங்களைக் கண்டுபிடிக்க மாட்டோம் தம்பி. நாங்க கலப்பையப் பிடிச்சவுக. குடிச்சிட்டு உழுதா சாலு கோணும், அம்புட்டுத்தான். ஒங்க பயம் எங்களுக்குப் பிடிபடாது. அந்தச் சத்தத்துக்கு எந்திரிக்கிற ஆளுக எங்கன ஒக்காந்திருக்காகளோ, அங்கன போங்க."

எனக்குக் கோபம் வந்தது. நாற்காலி போட்டவர் வெளியே போகச் சொல்கிறாரே என்று வந்த கோபம். விருதுநகர் வந்து சேரும்வரை அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். சிவகாசி பஸ்ஸில் ஏறியபிறகு திட்டுவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை, பயம் மட்டும் இருந்தது. அவர் சொன்ன இடம் எது என்று எனக்குத் தெரியும். அந்த மாடிப்படிதான்.

அடுத்த ஞாயிறு அந்தப் படியேறினேன். பதினாறு படி. ஏழாவது படியில் நின்று திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். கீழேயிருந்து ஒரு அம்மா கூடையோடு ஏறிவந்தார், வழிவிட முடியாத குறுகல் படி, அதனால் மேலே போகவேண்டியதாயிற்று. என் வீரம் அவ்வளவுதான்.

உள்ளே ஒன்பது பேர். பாதிப் பேருக்கு நகக்கண் வெள்ளியாக மின்னியது. வாட்ச்மேன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், ஆச்சரியப்படவில்லை. எதிரே முழங்கை வரைக்கும் தீக்காயத் தழும்பு இருந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினேன் என்று வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. ஈரல், மனைவி, பிள்ளைகள் என்று காரியாபட்டியில் பழகிய பாட்டையே ஆரம்பித்தேன். தழும்புக்காரர் இடைமறித்தார். இடைமறிக்கக் கூடாது என்பதும் அந்தக் கூட்டங்களின் விதி. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"எந்த ரூமு?" என்றார்.

"மருந்து."

யாரோ மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது.

"காலைலயும் உண்டா?"

"உண்டு."

"உள்ள ஒங்கூட யாரு?"

"என் பொண்டாட்டி தம்பி" என்றேன். பிறகு சல்லடை விழுந்ததைச் சொன்னேன். அவன் பழியை ஏற்றதைச் சொன்னேன். அதற்குப் பிறகும் காலையில் குடித்துவிட்டு உள்ளே போனதைச் சொன்னேன். யாரும் நன்றி சொல்லவில்லை. யாரும் தலையாட்டவும் இல்லை. அவர்கள் எல்லாருடைய முகத்திலும் பயம் இருந்தது. என்னைப் பார்த்துப் பயந்தார்கள். நான் அத்தனை நாள் அலைந்தது இதைப் பார்ப்பதற்குத்தான் என்று பிறகு புரிந்தது, அப்போது அந்த மாடியிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

வாட்ச்மேன்தான் முதலில் பேசினார். அவர் எப்போதும் கேட்டில் பேசுகிற அதே குரல்.

"ஒன் வாயில வர்ற வாடை எனக்குத் தெரியும் தம்பி. ரெண்டு வருசமாத் தெரியும். கொய்யா எலையும் தெரியும். நானே மென்னவன்தான். எட்டு வருசமா இங்கன வாரேன். ஒன்னைய நிப்பாட்டுனா ஒனக்கு வேலை போயிரும், பிள்ளைக பட்டினி கெடக்கும்னு விட்டேன். எம்பிள்ளைக கெடந்தாக. அதை எரக்கம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். இப்பத்தான் தெரியுது, தெனமும் ரெண்டு பேரைக் காவு குடுக்கத்தான் கேட்டைத் தெறந்து விட்டிருக்கேன்."

நான், "அண்ணாச்சி" என்று எதையோ ஆரம்பித்தேன்.

"இரு. இங்கன பேசுனது இங்கனயே கெடக்கும். போர்மேன்ட்ட நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், அது இந்த மாடியோட விதி. ஆனா கேட்டு என் கையில இருக்கு. நாளைக்கு மருந்து ரூமுக்குன்னு வந்தீன்னா விட மாட்டேன். பெட்டி ஒட்ட வந்தா விடுவேன். போர்மேன்ட்ட நீயே சொல்லிக்க. அதுக்கு முன்னால சொல்ல வேண்டிய எடம் ஒண்ணு இருக்கு. அதை நான் ஒனக்குச் சொல்ல வேண்டியதில்ல."

நான் நேராக மச்சினன் வீட்டுக்குப் போனேன். மத்தியானம் ஒன்றரை மணி. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு வாசம் தெருவுக்கே வந்தது. சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி எனக்கும் தட்டை எடுத்தாள். வேண்டாம் என்று நின்றபடியே, காலைக் குடி முதல் அந்த மாடிக் கூட்டம் வரை எல்லாவற்றையும் சொல்லிமுடித்தேன், இல்லாவிட்டால் உட்கார்ந்து சாப்பிட்டு ஏப்பம் விட்டுச் சொல்லாமலே எழுந்து வந்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

சோற்றைப் பிசைந்த கை தட்டிலேயே நின்றது. அவன் மனைவி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவர்களுடைய பெண்குழந்தை டி.வி. பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"எம்புட்டு நாளா மச்சான்?" என்றான்.

"ரெண்டு வருசம்."

அவன் தட்டிலேயே கையைக் கழுவினான். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசல் வரை போய், தெருவைப் பார்த்து நின்றுகொண்டு கேட்டான்.

"நீங்கதான்னு நெனச்சித்தான் நான் தெனமும் பயமில்லாம உள்ள போனேன். இனிமே எவங்கூடப் போவேன்?"

வீட்டுக்கு வந்து என் மனைவியிடமும் சொன்னேன். அவள் அழவில்லை. எழுந்து போய் அவள் தம்பி வீட்டில் இரவு தங்கினாள், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

திங்கட்கிழமை காலையில் போர்மேனிடம் சொன்னேன். சீசன் நேரத்தில் மருந்துக்காரனை இழப்பது அவருக்குக் கையை வெட்டிக்கொள்வது மாதிரி. என்னையும் என் பரம்பரையையும் ஏகத்துக்குத் திட்டிவிட்டு, பெட்டி ஒட்டுகிற அறைக்கு அனுப்பினார். அங்கே எல்லாம் பெண்கள். "என்னண்ணே, மருந்து ரூமு கசந்துருச்சா?" என்று ஒருத்தி கேட்டாள், மற்றவர்கள் சிரித்தார்கள். பசை வாளியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மச்சினனுக்கு ஜோடியாக வேற்றூர்க்காரன் ஒருவனைப் போட்டிருந்தார்கள். உறவுமில்லை, பழக்கமுமில்லை. இருவரும் செம்புத் தகட்டில் கைவைத்துவிட்டு உள்ளே போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை நான் ஒட்டிய பெட்டி ஒன்றுகூடத் தேறவில்லை. பக்கத்தில் ஒருத்தி பசைக் கரண்டியை வாளியில் போட்டாள், நான் எழுந்து நின்றுவிட்டேன். உள்ளே இருந்த இரண்டு வருடத்தில் எனக்கு என்னைப் பற்றித்தான் பயம், பிடித்துவிடுவார்களோ, வேலை போய்விடுமோ என்று. அவனைப் பற்றிய பயம் முழுசாக எனக்கு வந்தது அன்றைக்குத்தான். ஒன்பதரைக்கு அவன் வெளியே வந்து குழாயடியில் குனிந்து முகம் கழுவினான். என் பக்கம் திரும்பவில்லை. கண்மாய்க் கரைக்குப் போகவேண்டும் என்று உடம்பெல்லாம் கெஞ்சியது. சாயங்காலம் வாட்ச்மேன் தன் மொபெட்டில் என்னை ஏற்றிக்கொண்டு டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் விட்டார். இந்தமுறை என்ன வேலை என்பதை ஒழுங்காகச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் அந்த மாடிப்படிக்குப் போனேன். எதிர்த்த டீக்கடையில் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். கையில் டீ இல்லை. நான் அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பவில்லை, நேராகப் பார்த்தான். நான் மேலே ஏறுகிறேனா என்று பார்ப்பதற்காகத்தான் வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்து நிற்கிறான் என்று தெரிந்தது. என்னை அவன் நம்பவில்லை. நம்பாமலும் வந்து நிற்கிறானே, அதுவே எனக்குப் போதுமென்று இருந்தது. படியேறினேன்.